நாளையும் வரத் தோன்றும்படி இன்று நிறுத்துங்கள்

உடற்பயிற்சியை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டவன் நான். ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். புது ஷூ வாங்குவேன். முதல் நாளே 40 நிமிடம் ஓடுவேன். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வருவேன். நான்காம் நாள் வானம் லேசாகக் கருத்திருந்தால் போதும், போகாமல் இருக்கக் காரணம் கிடைத்துவிடும். நம் மொழியில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: ஆரம்ப சூரத்தனம்.

நான்காவது முறைதான் நிலைத்தது. அப்போது நான் செய்தது வெளியில் சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சிறியது. பத்து நிமிடம் நடந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்று தோன்றிய இடத்தில் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் யாரும் சொல்லாமலே கால் வாசலுக்குப் போயிற்று.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எந்தப் பயிற்சி சிறந்தது, எத்தனை கலோரி கரையும் என்ற கேள்விகளைக் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள். இன்று முடித்தபோது நாளையும் வரலாம் என்று தோன்றியதா? முதல் மூன்று மாதங்களுக்கு இந்தக் கேள்வி போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கு 'ஆம்' என்ற பதிலை வரவழைக்கத்தான்.

தொடங்கும் முன்

இதயநோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். உடல் உழைக்கும்போது ரத்தச் சர்க்கரை இறங்கும் என்பதால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டி வரலாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்று உடனே உதவி நாடுங்கள். அந்த நேரத்தில் 'இன்னும் ஐந்து நிமிடம்' என்ற வீரம் வேண்டாம்.

இன்னொன்று. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. நடை மருந்தோடு சேர்ந்து வேலை செய்யட்டும். குறைப்பதா, விடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

முதல் படி: அன்றன்றே கூலி தரும் காரணத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலானோர் எடையைக் குறைக்கத் தொடங்குகிறார்கள். தவறில்லை. ஆனால் எடை மிக மெதுவாகக் கூலி கொடுக்கும் முதலாளி. வாரக்கணக்கில் வேர்த்து விறுவிறுத்துவிட்டு எடை பார்க்கும் கருவியில் ஏறினால் முள் நகர்ந்திருக்காது. அன்றோடு பலருடைய பயிற்சியும் நின்றுவிடுகிறது.

மனம் அப்படியல்ல, கணக்கை அன்றே தீர்த்துவிடும். பத்து நிமிடம் நடந்து வந்தாலே பெரும்பாலான நாட்களில் எரிச்சல் ஒரு சுற்று தணிந்திருக்கும். ஆனால் நாம் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்காத லாபம் கணக்கில் ஏறாது. அதற்காக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் மனநிலைக்கு ஒன்று முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள். பக்கத்தில், இன்று நடப்பது எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறீர்களோ அதற்கு ஓர் ஊக மதிப்பெண். திரும்பி வந்ததும் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்பதையும், இப்போது மனம் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நான்கு எண்கள். அரை நிமிட வேலை.

ஊக எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சி தமக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மக்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று தெரியவந்தது. முன்கூட்டி நினைக்கும்போது நம் மனம் தொடக்க நிமிடங்களையே பார்க்கிறது. நாற்காலியை விட்டு எழுவது, உடை மாற்றுவது, உடல் சூடேறாத முதல் சில நிமிடங்கள்: கசப்பானவை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. நடுவில் வருவது மறந்துபோகிறது. இரண்டு வாரம் நோட்டில் எழுதினால், உங்கள் ஊகம் எவ்வளவு கஞ்சத்தனமானது என்பதை உங்கள் கையெழுத்தே காட்டும். அடுத்த முறை 'இன்று வேண்டாம்' என்று மனம் சொல்லும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இரண்டாம் படி: வேகத்தைக் குறையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். என் மூன்று தோல்விகளும் இங்கே நடந்தவை.

உடல் உழைப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே இருக்கும்வரை தசைகள் ஆக்சிஜனை வைத்துக்கொண்டே சமாளிக்கும், மூச்சு சீராக இருக்கும், பெரும்பாலானோருக்கு அது இதமாகவும் இருக்கும். வரம்பைத் தாண்டியதும், கடும் உழைப்பில் தசைகள் வெளிவிடும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது. அந்தக் கட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் இன்பம் சரிகிறது. மன உறுதி உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் இதில் அதிகமில்லை. உடல் தன் நிலையைத் தெரிவிக்கும் விதம் அது.

இந்த வரம்பு ஆளுக்கு ஆள் மாறும். பல ஆண்டுகள் ஓடிப் பழகியவருக்கு அது வெகு உயரத்தில் இருக்கும். நாற்காலியிலேயே ஆண்டுகளைக் கழித்தவருக்குக் கொஞ்சம் விரைந்து நடந்தாலே தாண்டிவிடும். நண்பர் சிரித்துப் பேசிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அதே வேகத்தில் கூட ஓடினால் அவர் வரம்புக்குக் கீழே இருப்பார், நீங்கள் மேலே. இருவரும் செய்வது ஒரே பயிற்சி அல்ல. வீட்டுக்கு வந்து 'எனக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஒத்துவராதது அந்த வேகம் மட்டுமே.

உங்கள் வரம்பைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், வாய் போதும். நடந்துகொண்டே முழு வாக்கியங்களைத் தடையில்லாமல் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். உங்களுக்கு வேண்டியது அதுதான். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். கூச்சப்படாமல் குறையுங்கள். பாட்டே பாட முடிகிறதென்றால் சற்று விரைந்து நடக்கலாம். முதல் வாரம் பாடிக்கொண்டே நடந்தாலும் குற்றமில்லை, பக்கத்தில் நடப்பவர்கள் பொறுத்துக்கொண்டால்.

இன்னொரு நுட்பம் முடிவைப் பற்றியது. ஓர் அனுபவத்தை நினைத்துப் பார்க்கும்போது அதன் சராசரி நம் நினைவில் நிற்பதில்லை. உச்சக் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் நிற்கின்றன. 2016இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு குழுவினர் சைக்கிள் கருவியில் 15 நிமிடம் எளிதாகத் தொடங்கிக் கடினமாக முடித்தார்கள். இன்னொரு குழுவினர் கடினமாகத் தொடங்கி எளிதாக முடித்தார்கள். இரண்டாம் குழுவினர்தான் பயிற்சியை அதிகம் ரசித்தார்கள், பிறகு நினைத்தபோதும் அவர்களுக்கே அது இனிமையாகப் பட்டது. 'கடைசி நிமிடத்தில் உயிரைக் கொடு' என்று கத்தும் பயிற்சியாளர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். நீங்கள் உடல் சூடேற இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள், கொஞ்சம் கடினமானதை முன்பாதியில் வையுங்கள், கடைசி ஐந்து நிமிடம் சும்மா உலாவி வீடு சேருங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு நேரம்

வயது வந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது போய்ச் சேர வேண்டிய இடம். முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாடி ஏறும் இரண்டு நிமிடமும் இப்போது கணக்கில் உண்டு.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற எண்ணையும் ஒருவர் விடாமல் சொல்வார்கள். அது மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். விளம்பரத்துக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. பத்தாயிரம் நடந்தால் நல்லதுதான், நாலாயிரம் நடந்த நாளில் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

புதியவருக்கு நான் சொல்லும் கணக்கு இது. முதல் இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம், கூடுதலாக ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஆசை வந்தாலும் நிறுத்துங்கள், அந்த ஆசையே மறுநாளைக்கு முதலீடு. மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் தினசரி நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஏழாம் எட்டாம் வாரத்தில் தினம் 20, 25 நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள், வாரக் கணக்கில் 150 தானாக வரும். ஏதாவது ஒரு வாரம் பாரமாகத் தெரிந்தால் முந்தைய வாரத்து அளவுக்கு இறங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு கொக்கியில் மாட்டுங்கள்

'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலைக்குப் பின்னால் பயிற்சியைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும், குழந்தையைப் பள்ளியில் விட்டதும், வேலை முடிந்து கணினியை மூடியதும் என்று உங்களுக்கு எது பொருந்துகிறதோ அது. காலையா மாலையா என்ற விவாதத்தில் நான் இறங்க மாட்டேன். தவறாமல் அமைகிற நேரமே நல்ல நேரம். ஷூவை முந்தைய இரவே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது. எனவே 22ஆம் நாளும் சோம்பலாக இருந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை. ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஐந்தாம் படி: எதைச் செய்வது

நடையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அதற்கு நுழைவுக் கட்டணமோ கற்றுக்கொள்ளும் காலமோ இல்லை. ஆனால் நடை சலிப்பூட்டும் மனிதர்களும் உண்டு. அவர்கள் நடந்து தங்களைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. நீச்சல், சைக்கிள், நடனம், இறகுப்பந்து, கயிறு தாண்டுதல், தோட்ட வேலை என்று மூச்சை லேசாகக் கூட்டுவது எதுவானாலும் சரி. சிறுவயதில் எதை விளையாடும்போது நேரம் போனது தெரியாமல் இருந்தீர்களோ அதிலிருந்து தேடத் தொடங்குங்கள். கூட்டத்தில் உற்சாகம் பெறுகிறவர்கள் துணை தேடிக்கொள்ளட்டும். நாள் முழுக்கப் பேசிக் களைத்தவர்கள் தனியாகவே போகட்டும். எனக்குத் தனிமைதான் பிடிக்கும். நடைக்குத் துணை வருகிறேன் என்று சொல்பவர்களிடமிருந்து நழுவுவதே எனக்குத் தனிப் பயிற்சி.

ஒரு தந்திரமும் உண்டு. உங்களுக்கு மிகவும் பிடித்த ஒலிப்புத்தகத்தையோ தொடர் உரையையோ நடக்கும்போது மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று அறியும் ஆவல் கதவைத் திறக்க வைக்கும். சாலையோரம் நடக்கிறவர்கள் ஒரு காதையாவது திறந்து வைத்திருங்கள்.

வலுவூட்டும் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் மூன்றும் பத்துப் பத்து முறை, வாரத்தில் இரண்டு நாள். முதல் மாதத்துக்கு இது தாராளம்.

மனத்தில் என்ன நடக்கிறது

உடற்பயிற்சி செய்தால் எண்டார்பின் என்ற ரசாயனம் உடலில் சுரக்கும், அதனால் மகிழ்ச்சி வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கதை அவ்வளவு எளிதல்ல. ரத்தத்தில் ஏறும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் புகுவதில்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை மறித்துவிடுகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்பின் வந்து பொருந்தி வேலை செய்யும் ஏற்பிகள் என்ற இடங்களை மருந்தால் அடைத்துவிட்டு ஆட்களை ஓடச் சொன்னார்கள். அப்போதும் அவர்களுக்கு அந்தக் களிப்பு வந்தது, பதற்றமும் குறைந்தது. உடலே உண்டாக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற பொருட்களின் மேல்தான் இப்போது சந்தேகம் விழுந்திருக்கிறது. அவை கொழுப்பில் கரைபவை, தடுப்பைத் தாண்டி உள்ளே போகக்கூடியவை.

நீண்ட நாள் பலன் வேறு வகை. 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆண்டு கவனித்தார்கள். வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது.

மனச்சோர்வு பற்றி டியூக் பல்கலைக்கழகத்தில் 1999இல் வெளிவந்த ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கடும் மனச்சோர்வு உள்ள, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: உடற்பயிற்சி மட்டும், மருந்து மட்டும், இரண்டும் சேர்ந்து. தொடக்கத்தில் மருந்து எடுத்தவர்கள் விரைவாகத் தேறினார்கள். ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதை வைத்து மருந்தே வேண்டாம் என்று சொல்வது அபத்தம். அவர்கள் கண்காணிப்பில், குழுவாக, ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள். படுக்கையை விட்டே எழ முடியாதவருக்கு முதலில் வேண்டியது மருத்துவ உதவி.

பதற்றம் உள்ளவர்களுக்கு இன்னொரு பலன் இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை. பதற்றம் வரும்போது இதயம் படபடக்கும், வேர்க்கும், மூச்சு வேகமாகும். உடனே மனம் 'ஏதோ ஆபத்து' என்று அலறும். உடற்பயிற்சியிலும் அதே படபடப்பு, அதே வியர்வை, அதே மூச்சு. ஆனால் ஒன்றும் நேர்வதில்லை, ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைத் தினமும் பார்க்கப் பார்க்க, படபடப்பு என்றாலே ஆபத்து என்ற முடிச்சு மெல்லத் தளர்கிறது. என் அனுபவத்தில் எண்டார்பின் கதையை விட இதுவே நம்பத் தகுந்த ஆறுதல். தொடக்கத்தில் அந்தப் படபடப்பே பயமுறுத்தினால் வேகத்தை இன்னும் குறைத்துத் தொடங்குங்கள்.

போக முடியாத நாட்கள்

உடல் வலியையும் காயத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். புதிய பயிற்சிக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, இரு பக்கத் தசைகளிலும் பரவலாக, மந்தமாக வலித்தால் அது சாதாரணம், மெதுவான நடையில் சரியாகும். ஒரே இடத்தில், மூட்டில், கத்தியால் குத்துவதுபோல் வலித்தாலும் வீங்கினாலும் ஓய்வு எடுங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் உள்ள நாளில் படுக்கைதான் பயிற்சி.

மனம் முற்றிலும் மறுக்கும் நாட்களுக்கு ஒரு குட்டி ஒப்பந்தம் வைத்திருக்கிறேன்: ஷூவை மாட்டி வாசல் தாண்டி இரண்டு நிமிடம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிவிடலாம், அந்த நாள் வந்ததாகவே கணக்கு. பல நாட்களில் திரும்பத் தோன்றாது. திரும்பிய நாட்களும் என் நோட்டில் இருக்கின்றன, மனநிலை '3, 3' என்று, எந்த முன்னேற்றமும் இல்லாமல். அவற்றை நான் அடிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரு நாள் விட்டால் உடலே பதறுகிறது, காயத்தோடும் ஓடுகிறீர்கள், பயிற்சிக்காக வீட்டு விசேஷத்தைக்கூடத் தவிர்க்கிறீர்கள், சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுகிறீர்கள் என்றால் அது பழக்கத்தைத் தாண்டிப் பிடியாகிவிட்டது. மனநல ஆலோசகரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

பயணம், நோய், தேர்வு, துக்கம் என்று ஏதோ ஒன்று வந்து மூன்று வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். அங்கேதான் மறுபடியும் ஆரம்ப சூரத்தனம் காத்திருக்கும். முன்பு நடந்ததில் பாதி நேரம், பாட்டுப் பாடும் வேகத்தில், ஒரு வாரம். நோட்டில் புதிய பக்கம் திருப்ப வேண்டாம், அதே பக்கத்தில் அடுத்த வரியில் எழுதுங்கள்.